முத்துலட்சுமி, மூவலூர் ராமாமிர்தம், நாகரத்தினம்மாள் பத்தி அவங்க எழுத்துலயே படிக்கணுமா? எங்க தேடணும், என்ன எடுத்துட்டுப் போகணும், எவ்வளவு ஆகும்

போன வருஷம் மார்ச்ல என் பொண்ணுக்கு ஸ்கூல்ல மகளிர் தினப் பேச்சுப்போட்டி. வாட்ஸ்அப்ல வந்த ஒரு ஃபார்வர்டை வச்சு நான்தான் எழுதிக் குடுத்தேன், "இந்தியாவின் முதல் பெண் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி"ன்னு ஆரம்பிச்சு. நடுவரா வந்திருந்த ஒரு டீச்சர் மேடையிலயே கேட்டுட்டாங்க, "ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்கூலியும் டாக்டர் பட்டம் வாங்கினது 1886ல, முத்துலட்சுமி பிறந்ததே 1886லதானேம்மா?"ன்னு. பொண்ணு அழுதுட்டே வீட்டுக்கு வந்தா. அவ மேல ஒரு தப்பும் இல்ல, தப்பு முழுக்க என்னோடது.

அன்னிக்கே முடிவு பண்ணேன், இனிமே இவங்களைப் பத்தி யாரோ எழுதினதை நம்பாம இவங்களே எழுதினதைத் தேடிப் படிக்கணும்னு. தஞ்சாவூர்ல இருந்துகிட்டு, வேலைக்கும் போய்க்கிட்டு, அதைச் செய்ய எனக்கு எட்டு மாசம் ஆச்சு. அதுல பாதி நாள் வீண் அலைச்சல். எது எங்க கிடைக்கும், என்ன பேப்பர் வேணும்னு முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா மூணு மாசத்துல முடிச்சிருப்பேன், அதுக்காகத்தான் இதை எழுதுறேன்.

1. பேர் லிஸ்ட் வேண்டாம், ஒரு சண்டையை எடுத்துக்கோங்க

"நூறு சாதனைப் பெண்கள்" மாதிரி புத்தகத்துல ஆரம்பிச்சா ஆளுக்கு ரெண்டு பக்கம் படிப்பீங்க, ஒரு வாரத்துல எல்லாம் மறந்துடும். அதுக்குப் பதிலா ஒரே ஒரு பிரச்சனையை எடுத்துக்கிட்டு அதுல இறங்கின பெண்கள் என்னென்ன சொன்னாங்கன்னு படிங்க. நான் எடுத்தது பொட்டுக்கட்டுற வழக்கத்தை, அதாவது சின்னப் பொண்ணுங்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டு தேவதாசி ஆக்குறதை, ஒழிக்க நடந்த போராட்டம். நம்ம ஊர் விஷயம், நம்ம பாஷையிலயே ஆதாரம் கிடைக்கும், அதோட இதுல இறங்கின பெண்கள் எல்லாரும் ஒரே கட்சி இல்ல, ஒருத்தர் சொல்றதுக்கு இன்னொருத்தர் நேர் எதிரா நிக்கிறாங்க. படிக்கப் படிக்க விடமாட்டீங்க.

உங்களுக்கு ஓட்டுரிமை பிடிச்சிருந்தா அதை எடுத்துக்கலாம். 1917ல அடையாறுல ஆரம்பிச்ச இந்திய மாதர் சங்கம், 1921ல மெட்ராஸ் சட்டசபை பெண்களுக்கு ஓட்டுரிமை குடுத்து போட்ட தீர்மானம், இந்த ரெண்டு இழையைப் பிடிச்சா போதும். பெண் கல்வின்னா புனேல 1848ல பள்ளிக்கூடம் நடத்தின சாவித்திரிபாய் பூலேல ஆரம்பிங்க. கீழ சொல்ற முறை எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

2. ஒரு தாள்ல தேதி எழுதிக்கோங்க

இதுக்குப் பைசா செலவில்ல. தமிழ்நாடு அரசோட பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்துல தமிழ்நாட்டு சமூக மாற்றங்கள் பத்தி ஒரு பாடம் இருக்கு, பாடநூல் தளத்துல பிடிஎஃப் இலவசம். அதைப் படிச்சுட்டு ஒரு தாள்ல வருஷத்தை மட்டும் வரிசையா எழுதுங்க. என்னோட தாள் இப்படித்தான் இருந்துச்சு:

1912 முத்துலட்சுமி மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல பட்டம். 1926 சட்டசபைக்கு நியமனம், அடுத்த வருஷம் சபையோட துணைத் தலைவர். 1929 இனாம் நிலம் சம்பந்தமான சட்டத் திருத்தம். 1930 காந்தி கைதானதைக் கண்டிச்சு பதவி ராஜினாமா. 1936 மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரோட நாவல். 1947 பொட்டுக்கட்டுறதைத் தடை செய்யுற சட்டம். 1954 அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி.

இந்தத் தாள் கையில இருந்தா பாதி பொய் தானா விழுந்துடும். "முத்துலட்சுமி 1929ல தேவதாசி முறையை ஒழிச்சாங்க"ன்னு நிறைய இடத்துல பாப்பீங்க. 1929ல வந்தது வேற. கோயில் சேவைக்காகக் குடுத்த இனாம் நிலத்தை அனுபவிக்கணும்னா அந்தக் குடும்பத்துப் பொண்ணு ஒருத்தி பொட்டுக்கட்டியே ஆகணும்னு இருந்த நிபந்தனையை அந்தத் திருத்தம் எடுத்துச்சு, அதாவது சேவை இல்லாமலே நிலம் அவங்க கையில இருக்கும். நிலத்துக்கும் பொண்ணுக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்தாங்க. பொட்டுக்கட்டுறதே குத்தம்னு சட்டம் வர 1947 ஆச்சு. நடுவுல 18 வருஷம். அந்த 18 வருஷத்துல எத்தனை பொண்ணுங்க, யோசிங்க.

இன்னொரு பொறி, மேற்கோள். சட்டசபையில ஒரு உறுப்பினருக்கு முத்துலட்சுமி குடுத்த பதிலடின்னு ஒண்ணு எல்லா இடத்துலயும் சுத்துது, இடத்துக்கு இடம் வார்த்தை மாறுது. தேதியும் பக்க எண்ணும் இல்லாத மேற்கோளை மேடையில பேசாதீங்க, பிள்ளைங்களுக்கும் எழுதிக் குடுக்காதீங்க.

3. எந்த வரிசையில படிக்கணும்

நான் முதல்ல முத்துலட்சுமியோட சட்டசபை அனுபவங்களை எடுத்து, நாப்பது பக்கத்துல மூடி வச்சுட்டேன். அது 1930ல வந்த இங்கிலீஷ் புத்தகம், தீர்மானம், திருத்தம், கமிட்டின்னு போகும். பின்புலம் தெரியாம படிச்சா ஓடாது. அதனால இப்படிப் போங்க.

முதல்ல மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரோட "தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்". தேவதாசி சமூகத்துக்குள்ள இருந்து வந்தவங்க, உள்ள நடக்கிறதைத் தெரிஞ்சு எழுதினவங்க. பணக்கார மைனர்களை எப்படி வலையில விழவைக்கிறாங்க, பொண்ணுங்களுக்கு அம்மாக்களே எப்படிப் பாடம் சொல்றாங்க, அதுல இருந்து வெளிய வந்த பெண்கள் எப்படி மாநாடு கூட்டிப் பேசறாங்கன்னு போகும். நாவலா பாத்தா பிரசங்கம் அதிகம், பக்கம் பக்கமா பேசுவாங்க, நான் அதை மறைக்கல. ஆனா அந்தக் கோவம் நிஜம். அவங்க வெறும் எழுத்தாளர் இல்ல, 1938ல இந்தி எதிர்ப்புப் படையோட திருச்சியில இருந்து மெட்ராஸ் வரைக்கும் நடந்தவங்க, அப்போ வயசு ஐம்பத்தஞ்சு. சிறைக்கும் போனவங்க.

ரெண்டாவது முத்துலட்சுமியோட சுயசரிதை, 1964ல இங்கிலீஷ்ல வந்தது. புதுக்கோட்டையில பசங்க மட்டும் படிச்ச மகாராஜா காலேஜ்ல சேர்ந்ததுல இருந்து ஆரம்பிச்சுப் படிங்க. அவங்க அம்மா சந்திரம்மாளும் தேவதாசிக் குடும்பத்துல இருந்து வந்தவங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு திரும்ப சட்டசபை புத்தகத்தை எடுத்தா, அந்த வறட்சியான தீர்மானம் ஒவ்வொண்ணும் வேற மாதிரி கேக்கும். எனக்கு ரெண்டாவது தடவை நாலே நாள்ல முடிஞ்சுது.

மூணாவது, தயவு செஞ்சு விட்டுடாதீங்க, பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசியா வளந்தவங்க, சட்டம் வர்றப்போ அதை எதிர்த்த பக்கம் நின்னவங்க. "எங்க கலையையும் சொத்தையும் எங்களைக் கேக்காம எடுக்காதீங்க"ங்கிறது அந்தப் பக்கத்து வாதம். அவங்களும் சமஉரிமைக்குத்தான் போராடினாங்க, வேற வாசல்ல நின்னு. தஞ்சாவூர் அரண்மனையில 18ஆம் நூற்றாண்டுல இருந்த முத்துப்பழனிங்கிற பெண் கவிஞர் எழுதின தெலுங்குக் காவியத்தை 1910ல முழுசா பதிப்பிச்சாங்க. பெண்கள் முன்னேற்றத்துக்காக உழைச்ச தெலுங்கு எழுத்தாளர் வீரேசலிங்கமே அந்தக் காவியத்தை ஆபாசம்னு எழுதியிருந்தார், அதையும் மீறி. 1911ல பிரிட்டிஷ் அரசு அதைத் தடை பண்ணிச்சு. இவங்களைப் பத்தி வி. ஸ்ரீராம் இங்கிலீஷ்ல எழுதின வாழ்க்கை வரலாறு இருக்கு, படிக்க சுலபம்.

நான் முத்துலட்சுமி பக்கம்தான், அதுல சந்தேகமே இல்ல, ஒரு குழந்தை பெரியவளாகுறதுக்கு முன்னாடியே அவ வாழ்க்கையை எழுதி வைக்கிற வழக்கம் போகத்தான் வேணும். ஆனா நாகரத்தினம்மாளைப் படிக்காம அந்தப் பக்கம் நின்னா பாதிதான் தெரிஞ்சு நிக்கிறோம்.

4. முதல்ல நெட்ல தேடுங்க, ஆனா எழுத்தை மாத்தி மாத்தி

தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ், தமிழ் விக்கிமூலம், இந்த மூணையும் பாத்துட்டு அப்புறம் பஸ் ஏறுங்க. மூணும் இலவசம். நான் இதைச் செய்யாம நேரா சென்னைக்குப் போய், ஒரு நாள் முழுக்க உக்காந்து படிச்ச ஒரு பழைய பத்திரிகை இதழ், வீட்டுக்கு வந்து தேடினா போன்லயே இருந்துச்சு.

தேடுறப்போ ஒரே ஸ்பெல்லிங் போட்டுட்டு "இல்ல"ன்னு விட்டுடாதீங்க. முத்துலட்சுமி, முத்துலக்ஷ்மி, முத்துலெட்சுமி மூணும் போடுங்க. ராமாமிர்தம், இராமாமிர்தம், ராமாமிருதம், ராமாமிர்தத்தம்மாள். இங்கிலீஷ்லயும் ரெட்டிக்குக் கடைசி எழுத்து ஒய், ஐ ரெண்டும் வரும், மூவலூருக்கு ரெண்டு ஓ போட்டும் ஒரு யூ போட்டும் தேடணும். தாசிக்குப் பதிலா தாஸி, பெண்களுக்குப் பதிலா ஸ்திரீகள், மாதர்.

இன்னொண்ணு, பழைய ஸ்கேன் புத்தகத்துக்குள்ள வார்த்தை போட்டுத் தேடினா பெரும்பாலும் வராது. 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முன்னாடி அச்சுல லை, ணை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேல சுழிச்சு இருக்கும், றா, ணா, னா ஒட்டி வளைஞ்சு இருக்கும், மெஷினுக்கு அது புரியாம கண்டதையும் எழுதி வச்சிருக்கும். அதனால பொருளடக்கத்தைப் பாத்து பக்கம் பக்கமா தள்ளித்தான் படிக்கணும். பெரியாரோட குடியரசு பத்திரிகை மட்டும் 1935லயே புது எழுத்துக்கு மாறிடுச்சு, அது கண்ணுக்கு சுகமா இருக்கும்.

5. பழைய தமிழுக்கு ஒரு வாரம் ஒதுக்குங்க

நான் பயந்து விட்டது இங்கதான். முதல் இதழைத் திறந்தா மேலயே "பிரபவ௵ தை௴"ன்னு இருக்கு, எனக்கு ஏதோ பூச்சி அரிச்ச மாதிரி தெரிஞ்சுது. ஒரு வாரத்துல பழகிடும். ௵ வந்தா வருஷம், ௴ மாசம், ௳ நாள், ௸ வந்தா மேற்படி, ௹ ரூபாய். எங்க வீட்டுப் பழைய பத்திரத்தை எடுத்து வச்சு இதைப் பழகினேன், உங்க வீட்லயும் தாத்தா காலத்துப் பத்திரம் இருந்தா எடுத்துப் பாருங்க.

தமிழ் வருஷத்துல ஏமாந்துடாதீங்க. பிரபவ வருஷம் 1927 ஏப்ரல்ல ஆரம்பிக்குது, அதனால பிரபவ தை மாசம்னா 1928 ஜனவரி. நான் இதை 1927ன்னு குறிச்சு வச்சு, அப்புறம் எதுவுமே பொருந்தாம ரெண்டு வாரம் குழம்பினேன். அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அதே பேர் திரும்ப வரும்கிறதால, 1987ம் பிரபவதான், அதையும் மனசுல வைங்க.

சில வார்த்தை: அக்கிராசனம்னா தலைமை, அக்கிராசனர்னா தலைவர், வியாசம் கட்டுரை, உபந்நியாசம் சொற்பொழிவு, பிரேரணை தீர்மானத்தை முன்மொழியுறது, மகாநாடு நம்ம மாநாடு. மைனர்னா பதினெட்டு வயசு ஆகாதவன்னு நினைச்சுக்காதீங்க, சொத்தைக் கையில வச்சுக்கிட்டு ஊதாரியா சுத்துற ஆள்.

6. நூலகத்துக்கு நேர்ல போறது

நெட்ல கிடைக்காததுக்கு மட்டும் போங்க. முதல்ல உங்க மாவட்ட மைய நூலகம். உறுப்பினராக ஆதார் நகல், போட்டோ, முகவரிச் சான்று, கொஞ்சம் முன்பணம். என்கிட்ட அரசு ஊழியர் ஒருத்தரோட கையெழுத்தும் கேட்டாங்க, அது தெரியாம போனதால ஒரு நாள் போச்சு, ஃபார்ம் வாங்குறப்பவே கேட்டுடுங்க. பெருசா செலவு இல்ல.

அடுத்தது சென்னை. எழும்பூர் கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், தரமணியில இருக்கிற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பழைய பெண்கள் பத்திரிகை, சின்னச் சின்ன பிரசுரம் இதெல்லாம் வேணும்னா ரோஜா முத்தையாதான், கோட்டையூர்ல ஒரு தனி மனுஷர் வாழ்நாள் முழுக்க சேத்த சேகரிப்புல இருந்து வளந்தது அது. சட்டசபை விவாதத் தொகுதி வேணும்னா எழும்பூர் ஆவணக் காப்பகம், அங்க ஆராய்ச்சிக்குன்னு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கணும், நேரா போய் நிக்க முடியாது. மதுரைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு.

நான் ஒரு நூலகத்துக்கு மூணு தடவை போனேன். முதல் தடவை நைட் பஸ் பிடிச்சுப் போய் இறங்கினா அன்னிக்கு லோக்கல் விடுமுறை, கேட்ல பூட்டு. ரெண்டாவது தடவை "எந்த காலேஜ், கைடு லெட்டர் எங்க"ன்னு கேட்டாங்க, நான் காலேஜும் இல்ல கைடும் இல்ல, வாசிக்கணும்னு ஆசைப்படுற ஒரு அம்மான்னு சொன்னேன், லெட்டர் இல்லாம முடியாதுன்னுட்டாங்க. மூணாவது தடவை எல்லாம் கையில இருந்துச்சு, புத்தகம் பைண்டிங்குக்குப் போயிருந்துச்சு. கேட்டுக்கு வெளிய டீக்கடை பெஞ்சுல உக்காந்து அழுதுட்டேன், உண்மையாவே.

அதனால போறதுக்கு பத்து நாள் முன்னாடி மெயில் போடுங்க, எந்தப் புத்தகம், எந்த வருஷம், எந்த இதழ்னு தெளிவா எழுதி "இப்போ பாக்கக் கிடைக்குமா"ன்னு கேளுங்க. முந்தின நாள் போன் பண்ணி திறந்திருக்கான்னும் கேளுங்க. பையில இதெல்லாம் வைங்க: ஆதார் ஒரிஜினலும் ரெண்டு நகலும், ரெண்டு போட்டோ, ஒரு கடிதம். காலேஜ்ல இல்லாதவங்களுக்கு அந்தக் கடிதம்தான் உயிர். நான் எங்க ஊர் காலேஜ்ல தமிழ் எடுக்கிற ஒரு பேராசிரியை கிட்ட, "இன்னார் இந்த விஷயமா வாசிக்கிறார், உதவுங்க"ன்னு நாலு வரி லெட்டர்ஹெட்ல வாங்கிக்கிட்டேன், அதுக்கப்புறம் எங்கயும் தடை இல்ல. தெரிஞ்சவங்க யாரும் இல்லன்னா பக்கத்து காலேஜ் தமிழ்த் துறைக்கு நேரா போய்க் கேளுங்க, பெரும்பாலும் குடுப்பாங்க.

பென்சில் எடுத்துட்டுப் போங்க, பழைய புத்தகம் பக்கத்துல பேனா விடமாட்டாங்க. காலைல கதவு திறக்கிறப்பவே போயிடுங்க, உள்ள இருந்து எடுத்துட்டு வர நேரம் ஆகும், மதியச் சாப்பாட்டு நேரத்துல எடுத்துத் தர ஆள் இருக்கமாட்டாங்க. பதினொரு மணிக்கு மேல போனா அன்னிக்கு ஒரு புத்தகம்தான் கைக்கு வரும்.

பக்கத்தைத் திருப்புறப்போ மேல் மூலையைப் பிடிச்சு மெதுவா திருப்புங்க. அந்த நியூஸ்பிரின்ட் அப்பளம் மாதிரி, கீழ பிடிச்சு இழுத்தா அப்படியே நொறுங்கும். எனக்கு ஒரு இதழோட ஓரம் விரல்ல துகளா வந்துடுச்சு, அதுல யாரோ ஒரு பெண் வாசகர் எழுதின கடிதத்தோட கடைசி வரி இருந்துச்சு. இன்னிக்கும் அது மனசுல உறுத்துது.

7. காப்பி எடுக்கிறப்போ

சொந்தப் படிப்புக்குக் கொஞ்சம் பக்கம் நகல் எடுக்க நம்ம காப்பிரைட் சட்டம் இடம் குடுக்குது. முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் பண்ணி குரூப்ல போடுறது வேற விஷயம். எழுத்தாளர் இறந்த வருஷம் முடிஞ்சு 60 வருஷம் வரைக்கும் உரிமை இருக்கும். ராமாமிர்தம் அம்மையார் இறந்தது 1962, அதனால 2023ல இருந்து அவங்க எழுத்து எல்லாருக்கும் பொது. முத்துலட்சுமி இறந்தது 1968, 2028 முடியணும். அதுவரைக்கும் அவங்க சுயசரிதையை பிடிஎஃப் ஆக்கிப் பரப்பாதீங்க. ராமாமிர்தம் அம்மையார் நாவலோட புதுப் பதிப்புல வேற ஒருத்தர் முன்னுரை எழுதியிருந்தா அந்த முன்னுரைக்கு உரிமை தனி, அதையும் பாத்துக்கோங்க.

போன்ல போட்டோ எடுக்க அனுமதி கேட்டு, கட்டணம் இருந்தா ரசீது வாங்கி, ஃபிளாஷை ஆஃப் பண்ணி எடுங்க. ஒவ்வொரு தடவையும் முதல்ல அட்டையையும் தேதி இருக்கிற பக்கத்தையும் எடுத்துட்டு அப்புறம் உள்ள போங்க. நான் 130 போட்டோ எடுத்துட்டு வீட்டுக்கு வந்து பாத்தா எது எந்த இதழ்னு தெரியல, அத்தனையும் வீண்.

8. செலவும் நாளும்

எனக்கு ஆனது: சென்னைக்கு ஒரு தடவை பஸ்ஸுக்குப் போக வர 800 ரூபாய் கிட்ட, அது மூணு தடவை. நகலும் போட்டோ கட்டணமும் 600க்குள்ள. புதுப் பதிப்பு, பழைய புத்தகக் கடைன்னு வாங்கினது 1,500 ரூபாய். மேல சொன்ன மாதிரி மெயில் போட்டுட்டு ஒரே தடவை போயிருந்தா 1,600 ரூபாய் மிச்சம். விலைக்கு வாங்குற புத்தகத்தை ஜனவரி வரைக்கும் தள்ளி வைங்க, சென்னை புத்தகக் காட்சியில வழக்கமா 10 சதவீதம் தள்ளுபடி உண்டு, கடையில கிடைக்காத சின்ன பதிப்பகப் புத்தகமும் அங்க கண்ணுல படும்.

நாள் கணக்கு: தேதித் தாளுக்கு ஒரு வாரம், நெட்ல தேட ரெண்டு வாரம், தினம் ராத்திரி அரை மணி நேரம் படிச்சா நாவலுக்கு இருபது நாள், சுயசரிதைக்கு ஒரு மாசம். பரீட்சை சீசன்ல நூலகத்துக்குப் போகாதீங்க, போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைங்க கூட்டத்துல உக்கார இடமே கிடைக்காது.

9. ஒரு நாள் திருவையாறு போயிட்டு வாங்க

நாகரத்தினம்மாளைப் படிச்சு முடிச்சதும் இதைச் செய்யுங்க, தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுல இருந்து அரை மணி நேரம், டவுன் பஸ் காசுதான். காவிரிக் கரையில தியாகராஜர் சமாதி, அந்த இடத்தைத் தன் சொந்தக் காசைப் போட்டுக் கட்டினது நாகரத்தினம்மாள். ஆனா அங்க நடக்கிற ஆராதனையில பெண்கள் பாடக்கூடாதுன்னு இருந்துச்சு, அதனால பெண்களுக்குன்னு தனியா ஒரு ஆராதனையே நடத்தினாங்க, 1940 வாக்குலதான் எல்லாம் ஒண்ணாச்சு. 1952ல அவங்க இறந்ததும் அங்கயே சமாதி, அவங்க சிலை தியாகராஜர் சன்னதியைப் பாத்தபடி கைகூப்பி உக்காந்திருக்கும்.

ஆராதனை நடக்கிற தை மாச நாட்கள்ல போகாதீங்க, கூட்டத்துல அந்தச் சிலைகிட்ட நிக்கவே முடியாது. சாதாரண வார நாள் காலைல போங்க. நானும் என் பொண்ணும் போனப்போ யாருமே இல்ல, பூக்காரம்மா ஒருத்தர் மட்டும் இருந்தாங்க, என் பொண்ணு ஒரு முழம் மல்லி வாங்கி அந்தச் சிலை காலடியில வச்சுட்டு, தான் கையில எழுதி வச்சிருந்த தேதித் தாளை எடுத்து எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சா.